பீடம் யார் கட்டுவது

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு வரலாற்று அருங்காட்சியகம் வரப்போவதாகப் பேச்சு வந்தபோது நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அருங்காட்சியகத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் ஒரு சேகரிப்பாளர் வேண்டும் என்றார்கள். ஊர் ஊராகப் போய்ப் பழைய பொருள்களைப் பார்த்து, கொடுக்கச் சம்மதிப்பவர்களிடமிருந்து வாங்கி வருவது வேலை. நேர்காணலில் என் படிப்பைப் பற்றியோ ஆய்வைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. "வண்டி ஓட்டுவீங்களா?" என்று கேட்டார்கள். ஓட்டுவேன் என்றேன். அடுத்த வாரமே சேரச் சொல்லிவிட்டார்கள்.

யாரிடம் சொன்னாலும் வந்த முதல் பதில் ஒன்றுதான். "அதான் திருக்கோகர்ணத்துல ஒண்ணு இருக்கே?" இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எங்களை வரிசையாக அழைத்துப்போய்க் காட்டியதும் அதைத்தான். புதிதாக வருவது வேறு மாதிரி என்று விளக்கிச் சொல்வேன். ஊரின் கதை மட்டும். குளங்கள் எப்படி வெட்டப்பட்டன, சந்தைக்கு என்ன வந்தது, யார் எங்கே பிழைக்கப் போனார்கள் என்பதெல்லாம். கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். "அப்ப சிலை கிலையெல்லாம் இருக்காதா?" என்று கேட்பார்கள்.

திட்டத்துக்கு ஒரு தனி அலுவலர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுபவர், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. புறவழிச் சாலையை ஒட்டிக் கிடைத்த நிலத்தில் அடித்தளம் போட்டுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டடத்துக்கான பணத்தைச் சென்னையில் இருந்த ஒரு துறை தர வேண்டும். நிலம், சுற்றுச்சுவர், உள்ளே வைக்கும் பொருள்கள், அவற்றைக் காட்சிக்கு வைக்கும் செலவு எல்லாம் ஊர் நிர்வாகத்தைச் சேர்ந்தது. "ரெண்டு பேர் சேர்ந்து பண்ற வேலைம்மா. சுலபமா முடிஞ்சிரும்," என்றார் தனி அலுவலர். அதை அவர் நம்பித்தான் சொன்னார்.

நான் வண்டியில் சுற்றினேன். மக்கள் கொடுக்க விரும்பியவை பெரும்பாலும் எச்சில் படிக்கங்களும் ஓடாத ரேடியோக்களும். ஒருவர் தம் திருமணப் புகைப்படத்தை வைக்கச் சொன்னார். கொடும்பாளூர் பக்கத்தில் ஒரு வீட்டில், பினாங்குக்குப் போய்த் திரும்பியவர் கொண்டுவந்த தகரப்பெட்டி கிடைத்தது. மூடியின் உட்பக்கத்தில் கப்பல் படம் ஒட்டியிருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தபோது தனி அலுவலர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "வாள் ஏதாச்சும் கெடைக்குமா?" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் குன்றாண்டார்கோவில் பக்கம் போகும் சாலை ஒன்றை அகலப்படுத்தத் தொடங்கினார்கள். வழியில் ஒரு கிராமத்தில் சுமைதாங்கிக் கல் ஒன்று நின்றிருந்தது. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கல் நட்டு, மேலே ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்துபோகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டுவைப்பது வழக்கம். அந்தக் கல்லில் அவள் பெயரும் ஊரும் அவளுடைய அப்பாவின் பெயரும் வெட்டியிருந்தன. கல்லை உள்ளே விட்டு, அதை ஒட்டினாற்போல் சாலைக்காரர்கள் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

கல்லுக்கு உரியவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். அந்த வீட்டு அக்கா சாலையோரத்தில் உரக்கடை நடத்திவந்தார். ஐம்பது வயது இருக்கும். கணவர் விவசாயம் பார்த்தார். கடையும் கணக்கும் வெளியாட்களோடு பேசுவதும் அக்காவின் பொறுப்பு. இறந்தவள் அவருடைய தாத்தாவுக்கு அக்காள். வீட்டில் எல்லோரும் அதை ஆத்தா கல்லு என்றார்கள். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிப் பூ வைப்பார்கள். வீட்டுப் பெண் மாசமாக இருந்தால் வளைகாப்புக்கு முந்தின நாள் அவளை அழைத்துவந்து முதல் வளையலைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

"ரோட்டுக்காரங்க ஓரமா வயக்காட்டுக்குள்ள தள்ளி நட்டுக்கச் சொல்றாங்க," என்றார் அக்கா. "நீங்க கொண்டுபோறேங்கிறீங்க. அங்க கொண்டுபோயி என்ன செய்வீங்க?"

பெரிய கூடத்தில் நடுவில் நிறுத்தி, பக்கத்தில் விவரம் எழுதி வைப்போம் என்றேன். இந்த மாவட்டத்துப் பெண்கள் பிரசவத்தில் எப்படிச் செத்தார்கள், சந்தைக்கு எப்படி நடந்தார்கள் என்பதையெல்லாம் இந்த ஒரு கல்லை வைத்துச் சொல்லலாம் என்றும் சொன்னேன். நான் சொன்னது எனக்கே நன்றாக இருந்தது.

அவருடைய சித்தப்பா ஒருவர் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். "பொழங்குற கல்ல எடுத்துக்கிட்டுப் போயி கூடத்துக்குள்ள வைக்கிறதாவது. மழை படாம வெயில் படாம அது என்னத்துக்கு?" என்றார்.

அக்கா, வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மகன் உற்சாகமாகப் பேசினான். "கொடுத்துரும்மா. இங்கயெல்லாம் ஓட்டப் பானையக்கூடக் கண்ணாடிக்குள்ள வச்சு லைட்டு போட்டிருக்கான். சனம் டிக்கெட்டு எடுத்துப் பாக்குது. வயக்காட்டுல கெடந்தா நாளைக்கு எவனாச்சும் படிக்கல்லாத் தூக்கிப் போட்டுருவான்."

சித்தப்பா எழுந்து போய்விட்டார். அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "ஆடி வெள்ளிக்கு நாங்க வரலாம்ல?"

"தாராளமா வாங்க," என்றேன்.

கல்லை எடுத்த அன்று ஊரே நின்றது. சாலை வேலைக்கு வந்த கிரேனையே பயன்படுத்திக்கொண்டோம். படுக்கைக் கல்லைத் தூக்கியதும் அதன் அடியில் இருந்து ஒரு ஓணான் ஓடியது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரும் அழவில்லை. அக்கா லாரியின் பின்னாலேயே மகள், மருமகனோடு காரில் வந்து, கட்டட வளாகத்தில் மூன்று கற்களையும் இறக்கும்வரை நின்றுவிட்டுப் போனார். ஆறு மாதத்தில் திறப்பு விழா என்று தனி அலுவலர் அவரிடம் சொன்னார். விழாவுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னார்.

பொறியாளர் வந்து கல்லைப் பார்த்தார். இவ்வளவு கனத்தை வெறும் தரையில் நிறுத்த முடியாது, கீழே தனி அடித்தளத்தோடு பீடம் வேண்டும் என்றார். கூடத்தில் வைக்க வேறு கற்களும் வந்திருந்ததால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பீடங்கள் வரைந்து கொடுத்தார். வரைபடம் நன்றாகத்தான் இருந்தது. அது சென்னைக்குப் போயிற்று. பீடம் என்பது பொருளைக் காட்சிக்கு வைக்கும் ஏற்பாடு, ஆகவே ஊர் நிர்வாகம் கட்ட வேண்டும் என்று பதில் வந்தது. ஊர் நிர்வாகம், பீடம் அடித்தளத்திலிருந்து எழும்புகிறது, ஆகவே அது கட்டடம், துறைதான் கட்ட வேண்டும் என்றது.

முதலில் நாங்கள் இதைச் சிரித்துக்கொண்டே பேசினோம். பீடம் இல்லாமல் தரை போட முடியாது. தரை போட்டபிறகு குழி தோண்டினால் பாழாகிவிடும். தரை முடியாமல் கதவு மாட்ட முடியாது. தரையும் கதவும் முடிந்தால்தான் ஒப்பந்ததாரருக்கு அடுத்த தவணை. அவர் உள்ளூர்க்காரர். மின்சார வேலையைச் செய்துபார்த்தார், வெளிப்பூச்சு பூசினார், பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். ஆறு மாதம் என்று சொன்னது ஒரு வருடத்தைத் தாண்டியது. சிமென்ட் விலை ஏறியது. திருத்திய மதிப்பீடு போட்டார்கள். ஏறிய விலையை யார் ஏற்பது என்று புதிதாக ஒரு கோப்பு தொடங்கியது.

ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். நீளமான மேசை. ஒரு பக்கம் துறைக்காரர்கள், எதிர்ப்பக்கம் ஊர் நிர்வாகத்தார். தலைமையில் ஒரு பெரிய அதிகாரி. பீடத்தின் அளவு என்ன என்று யாரோ கேட்டார்கள். தனி அலுவலர் எழுந்து சொன்னார்.

"நகத்த முடியுமா?" என்று கேட்டார் துறைக்காரர்.

"கான்கிரீட் சார். நகத்த முடியாது."

"நகத்த முடியாதுன்னா கட்டடம்தானே," என்றார் ஊர் நிர்வாகத்தவர்.

"கோயில்ல சாமி பீடத்தயும் நகத்த முடியாது. அதுக்காக அது செவுரா?" என்றார் துறைக்காரர்.

பெரிய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இரு தரப்பும் கலந்து பேசி முடிவுக்கு வர வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. முந்தைய கூட்டத்திலும் அதே முடிவுதான். வடை நன்றாக இருந்தது. வெளியே வரும்போது தனி அலுவலர், "ரெண்டு பேர் சொல்றதும் சரிதாம்மா. அதான் கஷ்டம்," என்றார்.

ஆடி வெள்ளிக்கு அக்காவின் குடும்பம் வந்தது. கற்கள் வளாகத்தின் பின்பக்கம் தார்ப்பாயின் கீழ் கிடந்தன. நான் தார்ப்பாயை விலக்கி, சுற்றிக் கூட்டி வைத்திருந்தேன். மஞ்சள் பூசினார்கள், பூ வைத்தார்கள், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். "இன்னும் நிறுத்தலையா?" என்று கேட்டார் அக்கா. பீடம் கட்டுவதில் தாமதம் என்றேன். என்ன தாமதம் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. விளங்காததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த ஆடிக்கும் வந்தார்கள். அந்தமுறை கேள்வி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒப்பந்ததாரர் வளாகத்தைப் பூட்டினார். முன்வாசலில் தகரக் கதவு வைத்துச் சங்கிலி போட்டு, சாவியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். செய்த வேலைக்குப் பணம் வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்பது அவருடைய நிலை. தனி அலுவலர் கடிதம் எழுதினார். ஒப்பந்ததாரர் பதில் எழுதவில்லை. நான் சேகரித்த சிறு பொருள்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் காலி வகுப்பறையில் இருந்ததால் பூட்டியதால் எனக்குப் பெரிய தொந்தரவு இல்லை. கற்களை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் அக்கா போன் செய்தார். "மேடம், நாங்க ஒங்க ஆபீஸ் கட்டடத்து வாசல்ல நிக்கிறோம். பூட்டிக் கெடக்கு. நாளைக்கு மகளுக்கு வளைகாப்பு. வளையல் வைக்க வந்தோம்."

நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வெயில் ஏறியிருந்தது. வேன் ஒன்று சாலையோரம் நின்றது. பெண்கள் தாம்பாளங்களோடு கதவோரம் நிழல் தேடி நின்றார்கள். மகள் வேனுக்குள் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைத்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாதம். முகம் வியர்த்திருந்தது. முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

தனி அலுவலருக்குப் போன் போட்டேன். திருச்சியில் ஒரு பயிற்சியில் இருந்தார். "பூட்ட ஒடைக்க நமக்கு அதிகாரம் இல்லம்மா. கான்ட்ராக்டர்கிட்டப் பேசிப்பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, கோவப்படுவாரு," என்றார்.

ஒப்பந்ததாரர் பக்கத்தில்தான் வேறொரு வீட்டு வேலையில் இருந்தார். அரை மணி நேரத்தில் பைக்கில் வந்தார். வந்ததும் என்னைப் பார்த்து, "செக்கு கொண்டாந்திருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இவங்க அந்தக் கல்லுக்கு உரியவங்க. வளையல் வச்சிட்டுப் போயிருவாங்க."

"இன்னைக்கு வளையலுக்குத் தொறப்பேன். நாளைக்குப் போட்டோ எடுக்கணும்னு அந்த ஆபீசர் வருவாரு. அப்பறம் எனக்கு என்ன மரியாத? வீட்டுல இருந்த நகை பூரா பேங்க்ல கெடக்கு மேடம். எம்பொண்டாட்டி கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும்தான் இருக்கு. பீடத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க? கட்டச் சொன்னா நான் கட்டப் போறேன். கட்டச் சொல்லவும் மாட்டேங்கிறீங்க, கட்டுன வரைக்கும் காசும் தர மாட்டேங்கிறீங்க."

அவர் சொன்னதில் தவறு இல்லை. அக்கா முன்னால் வந்தார்.

"அண்ணே, ஒங்களுக்கும் அவுங்களுக்கும் உள்ள வழக்கு எனக்குத் தெரியாது. நான் யாருக்கும் கடன் இல்ல. கல்லு எங்களோடது. நான் காசு வாங்கிக்கிட்டுக் குடுக்கல."

"குடுத்துட்டீங்கள்ல அக்கா. குடுத்தப்புறம் அவுங்களோடது."

"அவுங்க வச்சிருக்காங்களா? நீங்கதான் வச்சிருக்கீங்க."

ஒப்பந்ததாரர் சாலையைப் பார்த்தார். வேனுக்குள்ளிருந்து மகள், "அம்மா, வேணாம்மா. வீட்டுலயே சாமி படத்துக்கு வச்சுக்கலாம். போவோம்," என்றாள். குரல் தளர்ந்திருந்தது. ஒப்பந்ததாரர் திரும்பி அவளைப் பார்த்தார். அங்கே ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருப்பதை அதுவரை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"எத்தன மாசம்?" என்று கேட்டார்.

"ஏழு," என்றார் அக்கா.

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். "சீக்கிரம் வந்துருங்க," என்று மட்டும் சொன்னார்.

உள்ளே புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. தார்ப்பாய் கிழிந்து பாதி காற்றில் போயிருந்தது. நட்டுவைக்க வேண்டிய இரண்டு கற்களும் மண்ணில் கிடந்தன. படுக்கைக் கல்லை யாரோ செங்கல்மேல் வைத்து, கடைசி ஆடிக்குப் பிறகு நடந்த ஏதோ சில்லறைப் பூச்சு வேலையில் கலவை குழைக்கும் மேசையாகப் பயன்படுத்தியிருந்தார்கள். சிமென்ட் படலம் படலமாக இறுகியிருந்தது. பெயர் வெட்டியிருந்த பக்கத்தில் பாதி எழுத்து தெரியவில்லை.

ஒப்பந்ததாரர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க ஆளுகதான் பண்ணிருப்பானுக. தெரியாம பண்ணிருப்பானுக," என்றார். சுற்றுமுற்றும் தேடித் துருப்பிடித்த கொத்துக்கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து அவரே சுரண்டத் தொடங்கினார். கொஞ்சம்தான் பெயர்ந்தது. அக்கா அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, "விடுங்க, எழுத்தும் சேந்து போயிரும்," என்றார்.

சிமென்ட் படாத ஓர் ஓரத்தில் மஞ்சள் பூசினார்கள். மகளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். அவள் ஒரு பச்சைக் கண்ணாடி வளையலைக் கல்லின் மேல் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அக்கா சூடம் காட்டினார். ஒப்பந்ததாரரும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். எனக்கும் தட்டை நீட்டினார்கள். நான் திருநீறு எடுத்துக்கொண்டேன். இந்தக் கூடத்தைப் பற்றி அன்று உரக்கடை வாசலில் நான் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வெட்கம் என்று சொல்ல முடியாது. வேறு யாரோ பேசியதைத் தூரத்திலிருந்து கேட்பது போல இருந்தது.

வேனில் ஏறும் முன் அக்கா என்னிடம் வந்தார். "மேடம், நான் கல்லக் கொண்டுபோயிர்றேன்."

"சார்கிட்டக் கேக்கணும்க்கா."

"கேளுங்க. ஆனா நான் கேக்கல. சொல்றேன்."

தனி அலுவலர் திருச்சியிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கொடுத்த பொருளைத் திருப்பித் தர விதி இல்லை என்றார். விதி இல்லை என்றால் கூடாது என்று அர்த்தமா, அல்லது யாரும் யோசிக்கவில்லை என்று அர்த்தமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோப்பைத் துறைக்கு அனுப்பினால் கல் பொருள், ஊர் நிர்வாகத்தைக் கேளுங்கள் என்பார்கள். ஊர் நிர்வாகத்துக்கு அனுப்பினால் கல் கட்டட வளாகத்தில் இருக்கிறது, துறையைக் கேளுங்கள் என்பார்கள். அதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சில வாரங்களில் அவருக்கு மாற்றல் வந்தது. வேறு மாவட்டம். எதிர்பார்த்ததுதான் என்றார். கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, கட்டடம் முடியும்வரை கல்லைப் பாதுகாப்புக்காக உரிய குடும்பத்திடம் வைத்திருக்கக் கொடுப்பதாக ஓர் உத்தரவு தயார் செய்யச் சொன்னார். "திருப்பிக் குடுக்கலம்மா. பாதுகாப்புக்குத்தான் குடுக்குறோம். பின்னால வர்றவரு கேட்டா நான் எழுதுனதுன்னு சொல்லிருங்க. எனக்கு ரிட்டயர்மென்ட் பக்கத்துல வந்திருச்சு. இதுக்கெல்லாம் தூக்குல போட மாட்டாங்க," என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு முத்திரையை அவரே குத்தினார். அவர் தானாக ஒரு முடிவு எடுத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஒப்பந்ததாரர் கதவைத் திறந்துவிட்டார். கிரேனும் அவருடைய ஏற்பாடுதான். வாடகை வாங்கிக்கொள்ளவில்லை என்று பின்னால் அக்கா சொன்னார். கற்கள் ஊருக்குப் போயின. அகலமான புதுச் சாலையின் ஓரத்தில், அக்காவின் சொந்த நிலத்தின் முகப்பில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நட்டார்கள். பழைய இடம் இப்போது தாரின் கீழ் இருக்கிறது. தச்சன்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல் வேலைக்காரர் ஒருவரை வரவழைத்துச் சிமென்ட்டை எடுக்கச் சொன்னார்கள். முழுதாகப் போகவில்லை. பெயரைப் படிக்க முடிகிறது. அப்பா பெயர் சிதைந்துவிட்டது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அக்கா போன் செய்து சொன்னார்.

புதிய தனி அலுவலர் வந்தார். இளையவர், சுறுசுறுப்பானவர். வந்த சில மாதங்களில் ஒப்பந்ததாரருக்கு ஒரு தவணை கிடைக்கச் செய்தார். பீடத்தின் செலவை இரு தரப்பும் பாதிப் பாதி ஏற்பதாகக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டன. கொள்கையளவில் என்ற சொல்லை அந்த அலுவலகத்தில்தான் நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். அவர் கோப்புகளைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம முக்கியமான காட்சிப்பொருளே ஒரு பேருந்து நிறுத்தத்துல நிக்குது. போயித் திரும்பக் கேளுங்க."

போனேன். காலை நேரம். நகரப் பேருந்துக்கு நின்றவர்கள் மார்க்கெட் பைகளையும் ஒரு தலைக்கவசத்தையும் கல்லின் மேல் வைத்திருந்தார்கள். அக்கா கடையில் யூரியா மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"வாங்க மேடம். இங்கிட்டு நெழல்ல ஒக்காருங்க. காப்பி குடிப்பீங்கள்ல?"

வந்த விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா அருகில்தான் இருந்தார். அப்போதே நான் சொன்னேனே என்று அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"கட்டி முடிச்சாச்சா?" என்று கேட்டார் அக்கா.

"இன்னும் இல்லைக்கா. தரை போடணும்."

"போடுங்க. கதவு மாட்டுங்க. தொறந்து வைங்க. ஒரு மழைக்காலம் பாக்குறேன், ஒழுகுதா என்னன்னு. அதுக்கப்பறம் வாங்க, பேசுவோம். நான் மாட்டேன்னு சொல்லல. ஒங்க மேல எனக்கு வருத்தமும் இல்ல. நீங்க நல்லதுக்குத்தான் கேட்டீங்க."

காப்பி வந்தது. குடித்தேன். திரும்பிப் போய்ப் புதிய அலுவலரிடம் அவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். அவர் எரிச்சலடைந்தார்; பிறகு பேச்சுவார்த்தை நடைபெற்றுவருகிறது என்று எழுதிக்கொண்டார். அதுவும் பொய் இல்லை.

என் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. வைப்பதற்கு இடம் இல்லாதபோது சேகரிப்பாளர் எதற்கு என்று தணிக்கையில் கேட்டார்களாம். நியாயமான கேள்வி. வகுப்பறையில் இருந்த பொருள்களை எண்ணி ஒப்படைத்தேன். பினாங்குப் பெட்டியைத் துடைத்துக் கரையான் ஏறாதபடி உயரத்தில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது திருக்கோகர்ணத்துக்கு அருகில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் சமூக அறிவியல். புறவழிச் சாலைப் பக்கம் போக வேண்டிய அவசியம் அதிகம் வருவதில்லை. கடைசியாகப் போனபோது தரை போட்டிருந்தார்கள், கதவு இல்லை. கூடத்தில் பந்தல்காரர் ஒருவரின் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. யார் அனுமதித்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

சென்ற மாதம் அக்காவின் பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகையோடு வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். குலதெய்வக் கோயிலில் விசேஷம். வளைகுடாவிலிருந்து மகன் விடுப்பில் வந்திருந்தான். போனில் மட்டும் கேட்ட குரலை அன்றுதான் ஆளாகப் பார்த்தேன். மெலிந்தவன், மீசையை நன்றாக ஒதுக்கியிருந்தான். "மேடம், மியூசியம் எப்பத் தொறக்குறாங்க?" என்று கேட்டான். நான் இப்போது அங்கே இல்லை, தெரியாது என்றேன். "தொறந்தாச் சொல்லுங்க. லீவு போட்டு வாரேன்," என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை.

தாய்மாமன் என்ற முறையில் குழந்தையை அவன் மடியில் வைத்தார்கள். மொட்டை அடித்துச் சந்தனம் தடவியிருந்தது. ஒரு காதைக் குத்தும்வரை சும்மா இருந்த குழந்தை இரண்டாவதற்கு உடம்பை முறுக்கிக்கொண்டு கத்தியது. அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. அக்கா வந்து குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டார். குத்தி முடிந்தது. பந்திக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் சாப்பிடப் போனோம்.